வெலோட்ரோம் இல்லாத திருகோணமலையில ஒரு மணித்தியால சைக்கிள் ஓட்டம்: அந்த 818 மீட்டர் எங்க போனது

முதல்ல முடிவைச் சொல்லிடுறன். இலக்கு 35.325 கிலோமீட்டர், அண்ணன் ஒரு மணித்தியாலத்தில ஓடினது 34.507. குறைஞ்சது 818 மீட்டர், எங்கட பாதையில ஒரு சுத்து கூட வராது. ஓடி முடிச்ச அண்டைக்கே ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லத் தொடங்கிட்டாங்கள், வெயில் எண்டு ஒராள், காத்து எண்டு ஒராள், 43 வயசில இதெல்லாம் தேவையா எண்டு இன்னொராள், சைக்கிள் காணாது எண்டு வேற கொஞ்சப் பேர், அண்ணன் "கேட் பிந்தித் திறந்தது தான்டா தம்பி எல்லாத்துக்கும் காரணம்" எண்டு இண்டைக்கும் சொல்றார். ஒவ்வொரு சுத்து நேரமும், இதயத் துடிப்பு எழுதின கொப்பியும் என்னட்ட இருக்கிறபடியா அத வைச்சுக்கொண்டு ஆறுதலா இருந்து யோசிச்சு எழுதிறன், ஏனெண்டா இனி எங்கட பக்கத்தில யாராவது இப்பிடி ஒண்டு செய்ய வெளிக்கிட்டா அவைக்கு இது உதவோணும்.

ஏன் 35.325 எண்டு கனபேர் கேட்டாங்கள். 1893 மே 11 பாரிசில பஃபலோ வெலோட்ரோமில (சைக்கிள் ஓட்டத்துக்கெண்டே கட்டின சுத்துப் பாதை) ஆன்றி டெக்ராஞ் எண்டவர் ஒரு மணித்தியாலத்தில ஓடின தூரம் அது, உத்தியோகபூர்வ மணித்தியால சாதனைப் பட்டியல் அவரில இருந்து தான் தொடங்குது. பத்து வருசத்துக்குப் பிறகு 1903ல டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கி நடத்தினதும் அதே ஆள் தான். அண்ணன் இந்தக் கதையை வாசிச்சிட்டு வந்து "130 வருசத்துக்கு முந்தி அந்த இரும்புச் சைக்கிள்ல ஒருத்தர் ஓடின தூரத்தை இப்பத்த கியர் சைக்கிள்ல நான் ஓடக்கூடாதா" எண்டு கேட்டவர், அதோட இலக்கு முடிவாகிட்டுது. நல்ல இலக்கு எண்டு தான் இப்பவும் நினைக்கிறன். இண்டைய சாதனையோட ஒப்பிட்டா சின்னது, ஆனா வேலைக்குப் போய் வந்து பிள்ளையளைப் படிப்பிச்சுக்கொண்டு பயிற்சி செய்யிற ஒரு ஆளுக்கு அது லேசான தூரமே இல்ல.

இண்டைய சாதனை எவ்வளவு எண்டா, 2022 அக்டோபர் 8ல இத்தாலிக்காரர் பிலிப்போ கன்னா சுவிற்சர்லாந்து கிரென்சன் வெலோட்ரோமில 56.792 கிலோமீட்டர் ஓடினவர். 250 மீட்டர் பாதையில 227 சுத்து, ஒரு சுத்துக்கு 16 செக்கன் கூட இல்ல. இடையில பெல்ஜியக்காரர் எடி மேர்க்ஸ் 1972ல மெக்சிகோ சிற்றியில 49.431, இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ மோசர் 1984ல அதே ஊரில முதல் தரம் 50ஐத் தாண்டி 50.808, நாலு நாள் கழிச்சு 51.151. எனக்கு எப்பவும் பிடிச்சது கிரேம் ஒப்ரி கதை தான், ஸ்கொட்லாந்துக்காரர், தானே சைக்கிள் கட்டி அதுக்கு வோஷிங் மெசின் பெயரிங் போட்டு 1993 ஜூலையில நோர்வேயில முதல் நாள் ஓடித் தோத்து, அடுத்த நாளே திரும்ப ஏறி 51.596 ஓடினவர்.

இந்த ஒரு மணித்தியால ஓட்டத்தில விசேசம் என்னெண்டா மறைஞ்சு நிக்க இடமே இல்ல. ரோட்டுப் போட்டியில முன்னுக்குப் போறவரிட பின்னுக்கு ஒட்டிக்கொண்டு காத்துப் படாமப் போகலாம், இறக்கத்தில கால் ஆறலாம், கூட வாறவரைப் பாத்து வேகத்தை வைக்கலாம். இதில தனி ஆள், தட்டைப் பாதை, ஒரு கடிகாரம். தூரம் தெரியாது, நேரம் மட்டும் தான் தெரியும், அதால "இன்னும் கொஞ்ச தூரம்" எண்டு மனசைத் தேத்தக்கூட ஏலாது, வேகமா ஓடினாலும் சரி மெதுவா ஓடினாலும் சரி அந்த 60 நிமிசம் 60 நிமிசம் தான்.

ஆளும் சைக்கிளும்

அண்ணன் ஒரு எலக்ரீசியன். பெயர் போட வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறார், அதால அண்ணன் எண்டே எழுதிறன். உயரம் 5 அடி 7 அங்குலம், நிறை 71 கிலோ. சின்ன வயசில வருசப்பிறப்பு விளையாட்டுப் போட்டியில லுமாலா எண்ட உள்ளூர்ச் சைக்கிள்ல ஓடி ரெண்டு மூண்டு தரம் வெண்டிருக்கிறார், அதுக்குப் பிறகு வேலைக்குப் போறதுக்கு மட்டும் தான் சைக்கிள். யுத்தப் பிரச்சினை காலத்தில வளந்த ஆள். பொயின்ற், அதாவது சோதனைச் சாவடி, வந்தா இறங்கி உருட்டோணும், ஐடி காட்டோணும், திரும்ப ஏறினா கொஞ்சத் தூரத்தில அடுத்த பொயின்ற், அந்த நாளில ஒரு மணித்தியாலம் கால் நிலத்தில வைக்காம சைக்கிள் ஓடினவர் எண்டு எங்கட ஊரில ஒராளைக் காட்ட ஏலாது. அண்ணன் இதைப் பற்றி அதிகம் கதைக்கிறேல்ல, ஆனா ஒரு நாள் நிலாவெளி ரோட்டில விடிய ஓடி முடிச்சிட்டு இளநி குடிக்கேக்க "நிப்பாட்டாம ஓடுறது எவ்வளவு சுகம் தெரியுமா" எண்டு சொன்னவர், எனக்கு அது மனசில நிண்டிட்டுது. டெக்ராஞ்சிட கணக்கை விட இது தான் அவரை ஏத்தி விட்டது எண்டு நான் நம்பிறன்.

சைக்கிள் கொழும்பில இருந்து எடுத்த செக்கன் ஹாண்ட் அலுமினியம் ரோட் பைக், 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. வளைஞ்ச ஹாண்டில், சாதாரண ஸ்போக் சில்லு, 25 மில்லிமீட்டர் டயர். காபன் டிஸ்க் சில்லும் இல்ல, முன்னுக்கு நீட்டிப் படுக்கிற பாரும் இல்ல. வேண்டலாமோ எண்டு யோசிச்சம், விலையைக் கேட்டதோட விட்டாச்சு. ஆனா காசில்லாமச் செய்யக்கூடின வேலை கனக்க இருந்தது, அதை வடிவாச் செய்தம். 35 கிலோமீட்டர் வேகத்தில தட்டை ரோட்டில ஒரு ஆள் குடுக்கிற வலுவில அஞ்சில நாலு பங்கு காத்தைத் தள்ளத் தான் போகுது, மிச்சம் தான் டயரும் செயினும் பெயரிங்கும். அப்ப சைக்கிளிட நிறையைக் குறைக்கிறதில பெரிய பிரயோசனம் இல்ல, உடம்பை ஒடுக்கிறது தான் வேலை. முழங்கையை மடிச்சு, தலையைத் தோளுக்குள்ள இறக்கி, ஹாண்டிலிட கீழ் வளைவைப் பிடிச்சு ஒரு மணித்தியாலம் இருக்கப் பழகினவர். முதல்ல பத்து நிமிசத்துக்கு மேல கழுத்து தாங்கேல்ல, மாசக்கணக்கில பழகித் தான் வந்தது. காத்தில படபடக்கிற ரீசேட்டை விட்டிட்டு ஒட்டின ஜேர்சி ஒண்டை டவுனில ஒரு தையல்காரரிட்டக் குடுத்து இன்னும் பிடிச்சுத் தைச்சம்.

கியர் 50 பல்லுக்கு 16 பல்லு எண்டு முடிவு பண்ணினம். ஒரு மிதி சுத்துக்கு ஆறரை மீட்டர் போகும், 35.3 வேகத்துக்கு நிமிசத்துக்கு 90 மிதி வரும். வெலோட்ரோம் சைக்கிள்ல கியர் மாத்த ஏலாது, கால் நிப்பாட்டவும் ஏலாது, பின் சில்லோட பெடலும் சேந்து சுத்தும். எங்களிட்ட இருந்தது கியர் சைக்கிள், ஆனாலும் அண்ணன் "ஒரே கியரில தான் ஓடுவன், மாத்தத் தொடங்கினா அதையே யோசிச்சுக்கொண்டிருப்பன்" எண்டு சொல்லிட்டார், நானும் சரியெண்டிட்டன். மேர்க்ஸ் 52க்கு 14ல நிமிசத்துக்கு நூறைத் தாண்டி மிதிச்சவர், எங்களுக்கு அந்தக் கால் இல்ல.

பாதை

இப்பத்த பெரிய வெலோட்ரோம் எண்டா கூடுதலா 250 மீட்டர் மரப் பலகைப் பாதை, வளைவில 40 பாகைக்கு மேல சரிவு, உள்பக்கத்தில ஒரு கறுப்புக் கோடு, அந்தக் கோட்டில அளந்தது தான் தூரம். எங்களுக்குக் கிடைச்சது உப்புவெளிப் பக்கம் மதில் கட்டின ஒரு பெரிய வளவுக்குள்ள இருக்கிற தார் ரோட்டுச் சுத்து. வாகனம் இல்ல, நாய் குறைவு, மேடு பள்ளம் எண்டு சொல்ல ஒண்டும் இல்ல, நாலு மூலையும் அகலமா வளைச்சுக் கட்டியிருக்கு, பிரேக் பிடிக்காமத் திரும்பலாம். நிலாவெளி ரோட்டில நேராப் போய்த் திரும்பி வாறது தான் முதல் யோசனை, விடிய அந்த ரோட்டு அருமை, ஆனா பஸ்ஸும் மாடும் வரும், போதாக்குறைக்கு ஒரு லொறி முந்திப் போனா அதிட இழுவையில வேகம் கூடிடும், அப்பிடி வந்த தூரம் அவர் உழைச்ச தூரம் இல்ல.

சுத்தை இரும்பு ரேப் வைச்சு அளந்தம், உள் ஓரத்தில இருந்து 30 சென்ரிமீட்டர் தள்ளி சோக்கால கோடு போட்டு அந்தக் கோட்டு வழியா. ஒருக்கா மட்டும் அளந்து விடாமத் திரும்பவும் அளந்தம், ரெண்டு தரத்துக்கும் இடையில ஒரு மீட்டர் கூட வித்தியாசம் இல்ல, 950 மீட்டர் எண்டு எடுத்தம். ஓடுறவர் எப்பவும் கோட்டுக்கு வெளிய கொஞ்சம் கூடத் தான் ஓடுவார், அந்த நட்டம் வெலோட்ரோமிலயும் இருக்கு, அதால அத நாங்கள் கணக்கில சேக்கேல்ல. கடைசி அரைகுறைச் சுத்துக்கும் அவங்கள் செய்யிற முறையைத் தான் பாவிச்சம், 60 நிமிசம் முடிஞ்சாலும் நிக்காம அந்தச் சுத்தை முழுசா முடிக்கோணும், அந்தச் சுத்துக்கு எடுத்த நேரத்தில எவ்வளவு பங்கு மணித்தியாலத்துக்குள்ள வந்ததோ அந்தப் பங்குத் தூரம் சேரும்.

கணக்குப் பாத்தா 35.325 கிலோமீட்டருக்கு 37 சுத்தும் இன்னும் கொஞ்சமும் வேணும், ஒரு சுத்துக்கு 97 செக்கனுக்குக் கொஞ்சம் உள்ள. அந்த 97 எங்களுக்கு மந்திரம் மாதிரி ஆகிட்டுது.

காலத்தைப் பற்றியும் சொல்லோணும். மாரி முடிஞ்சு கச்சான் காத்துத் தொடங்கிறதுக்கு இடையில இருக்கிற மாசி பங்குனி தான் எங்கட ஊரில இதுக்குச் சரி, கச்சான் அடிக்கத் தொடங்கினா அனல், சைக்கிளை ஒரு பக்கமாத் தள்ளும். பங்குனியில ஒரு ஞாயிறு விடிய எண்டு வைச்சம். அந்த நேரத்தில தரையில இருந்து கடலுக்குப் போற மெல்லிய காத்து அடங்கிடும், கடற்காத்து வர இன்னும் நேரம் இருக்கும், அந்த இடைவெளியைத் தான் குறி வைச்சம். சூடான ஊரில ஓடுறதில ஒரு நன்மையும் இருக்கு, கனபேர் இத யோசிக்கிறேல்ல, சூடான காத்து அடர்த்தி குறைவு, 27 பாகையில இருக்கிற காத்து 15 பாகைக் காத்தை விட 4, 5 வீதம் மெல்லிசு. மேர்க்ஸும் மோசரும் 2,200 மீட்டர் உயரத்தில இருக்கிற மெக்சிகோ சிற்றிக்குப் போனதும் மெல்லிய காத்துக்குத் தான். 2015ல லண்டனில பிரிட்டிஷ்காரர் பிராட்லி விக்கின்ஸ் 54.526 ஓடேக்க அண்டைக்கு காற்றழுத்தம் கூடின நாள், அதால தூரம் குறைஞ்சது எண்டு அப்ப கனக்கக் கதைச்சாங்கள். ஆனா உடம்புக்குச் சூடு கூடாது. மிதிக்கிற வலுவைப் போல மூண்டு மடங்கு வலு உடம்புக்குள்ள சூடாத் தான் போகுது, அத வெளிய அனுப்ப வேர்வை காயோணும், எங்கட ஊர் விடியக் காத்து ஈரம் நிறைஞ்சது. ரெண்டையும் வைச்சுப் பாத்து விடிய 5.50க்குத் தொடங்கிறது எண்டு முடிவு.

அதே நேரத்தில ரெண்டு கிழமைக்கு முந்தி அரை மணித்தியாலம் ஒரு ஒத்திகை ஓடிப் பாத்தம். சுத்துக்கு 97 செக்கன், கிட்டத்தட்ட ஒரே சீராய், கடைசியில இதயத் துடிப்பு 164, அவருக்கு ஆகக் கூடினது 179. இறங்கி வந்து கதைச்சுக்கொண்டு நிண்டவர், மூச்சு வாங்கேல்ல. இந்த ஒத்திகை இல்லாட்டி பிறகு நடந்ததை என்னால விளங்கப்படுத்தவே ஏலாது.

ஓடின நாள்

முதல் நாள் இரவு சோறும் மீன் குழம்பும், விடிய நாலு மணிக்கு எழும்பி ரெண்டு கதலிப் பழம், சீனி போட்ட பிளேன்ரீ, ஒரு கிளாஸ் ஜீவனி (உப்பும் சீனியும் சேந்த கரைசல்). அண்ணி வீட்டில நிறை பாத்து எழுதி அனுப்பினவ, 71.2. வெலோட்ரோமில ஓடுறவை போத்தல் கொண்டு போறேல்ல எண்டபடியா நாங்களும் வைக்கேல்ல. அண்ணன்ர மகன் சோக் போர்ட் பிடிக்க, நான் ஒரு கடிகாரத்தோட தொடங்கிற கோட்டில, இன்னொரு தம்பி ஒரு கடிகாரத்தோட சரியா எதிர்ப் பக்கத்தில. இந்த எதிர்ப்பக்கக் கடிகாரம் அண்ணனிட யோசனை, பெரிய உதவி செய்தது, பிறகு சொல்றன்.

5.30க்கு போயாச்சு, கேட் பூட்டிக் கிடக்கு. திறப்பு வைச்சிருக்கிற காவல்கார ஐயாவுக்கு இரவு காய்ச்சல் எண்டு வீட்டை போயிட்டாராம், திறப்பு அவரோட போயிட்டுது. ஆள் அனுப்பி எடுத்து வரேக்க ஆறரை தாண்டிட்டுது. பாவம், அந்த ஐயா போர்வையோட வந்து கேட்டைத் திறந்து விட்டவர், ஒராளும் அவரைக் குறை சொல்லேல்ல. ஆனா அந்த ஒரு மணித்தியாலம் அண்ணன் நிண்ட நிலை எனக்குத் தெரியும். கடல் பக்கம் பாத்துக்கொண்டே நிண்டவர், சூரியன் மேல வர வர முகம் மாறிக்கொண்டு வந்தது. "தம்பி வெயில் ஏற முதல் கொஞ்சம் சேத்து வைக்கோணும்" எண்டு சொன்னவர். அந்த ஒரு வசனத்தைக் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன்.

6.50க்குத் தொடக்கம். தெர்மாமீட்டர் 27 பாகை. நிண்ட இடத்தில இருந்து தொடங்கின முதல் சுத்தே 96, நிண்டு வெளிக்கிட்டா முதல் சுத்து 100 வரும் எண்டு எதிர்பாத்தம். அடுத்தது 91. அடுத்தது 90. மகன் போர்ட்டில பெரிசா 90 எண்டு எழுதிக் காட்டுறான், தலையைக் குனிஞ்சு வைச்சிருக்கிறபடியா அவர் பாத்தாரோ பாக்கேல்லயோ தெரியாது, நாங்கள் "மெதுவா மெதுவா" எண்டு கத்தினதைப் பாக்க வந்த பொடியள் "போங்க போங்க" எண்டு கத்தின சத்தம் மூடிட்டுது. முதல் 6 சுத்து 9 நிமிசம் 9 செக்கனில முடிஞ்சுது. எங்கட அட்டவணையை விட அரை நிமிசம் முன்னுக்கு.

அதுக்குப் பிறகு பத்து சுத்து சராசரி 96, வெளியில இருந்து பாக்க அருமையா இருந்தது. 16வது சுத்து முடிய 25 நிமிசம், 40 செக்கன் முன்னுக்கு நிக்கிறார், வந்து நிண்ட ஆக்கள் இனிப் பிரச்சினை இல்ல எண்டு கதைக்கத் தொடங்கிட்டாங்கள். ஆனா கோட்டைக் கடக்கேக்க அவரிட வாயைப் பாத்தன், திறந்தபடி இருந்தது, தோள் ஆடத் தொடங்கியிருந்தது. 17வது சுத்து 99. பிறகு 100, 101, 103. அடுத்த பத்து சுத்துச் சராசரி 101, அதுக்குப் பிறகு ஏழு சுத்து 106. 40 நிமிசத்துக்கும் 54 நிமிசத்துக்கும் இடையில அவர் பட்ட பாட்டை எழுதிறது கஷ்டம். கை நடுங்கினது, ஒரு மூலையில கோட்டை விட்டு வெளிய போய்த் திரும்ப வந்தவர், கண் ஒரே இடத்தில நிண்டுட்டுது. நிப்பாட்டச் சொல்லுவமோ எண்டு மகன் என்னைப் பாத்தான். நான் வேண்டாம் எண்டு தலையாட்டினன், ஏனெண்டா மிதி இன்னும் வட்டமா இருந்தது, ஆள் சரிஞ்சா தான் நிப்பாட்டோணும். கடைசி அஞ்சாறு நிமிசத்தில எங்க இருந்து எடுத்தாரோ தெரியாது, திரும்ப 102க்கு வந்தவர். 36 சுத்து முழுசாய், அதுக்கு மேல 307 மீட்டர்.

இறங்கினதும் புல்லில படுத்திட்டார். தண்ணி ஊத்தி, நிழலுக்கு எடுத்து, ஜீவனி குடுத்து, கால் மணித்தியாலத்தில கதைச்சவர். நிறை 69.8, ஒரு கிலோ 400 கிராம் வேர்வையாய்ப் போயிருக்கு. முடியேக்க தெர்மாமீட்டர் 30.

என்ன நடந்தது

காத்து எண்டு சொல்றவைக்கு முதல்ல பதில். காத்து வந்திருந்தா சுத்திட ஒரு பக்கம் மெதுவாகி மற்றப் பக்கம் வேகமாகும், எதிர்க்காத்தில போற நட்டத்தைப் பின்காத்து முழுசாத் திருப்பித் தராது எண்டாலும் வித்தியாசம் தெரிஞ்சே ஆகோணும். எதிர்ப்பக்கக் கடிகாரம் இதுக்குத் தான் உதவினது. ரெண்டு அரைச் சுத்தும் ஒரே அளவாத் தான் கூடிக்கொண்டு போயிருக்கு, 48ம் 48மா இருந்தது 53ம் 53மா ஆகியிருக்கு. கடற்காத்து அண்டைக்கு எட்டரைக்குப் பிறகு தான் வந்தது. ஆகவே காத்து இல்ல.

டயர், செயின் எல்லாம் ஓடினதும் பாத்தம், காத்தழுத்தம் குறையேல்ல, பின் பிரேக் உரசேல்ல. வயசு எண்ட கதையை நான் ஏற்கவே மாட்டன், பிரான்சில ரொபேர்ட் மார்ஷான் 2017ல 105 வயசில வெலோட்ரோமில ஒரு மணித்தியாலம் 22.547 கிலோமீட்டர் ஓடினவர், 43 ஒரு வயசே இல்ல.

வெயில் தான் கஷ்டமான கேள்வி. வெயிலுக்குப் பங்கு இருக்கு, அத மறுக்கேல்ல. ஆனா 35 கிலோமீட்டர் வேகத்தில போறவரிட உடம்பில 35 கிலோமீட்டர் காத்து அடிச்சுக்கொண்டு தான் இருக்கு, வேர்வை காயும், வீட்டுக்குள்ள ஸ்ராண்டில வைச்சு மிதிக்கிற மாதிரி இல்ல. 27இல இருந்து 30க்குப் போன சூடு ஒரு மணித்தியாலத்தில ஆளை இப்பிடி விழுத்தாது. அதை விட முக்கியமான சாட்சி இதயத் துடிப்பு. ஒத்திகையில 8வது நிமிசத்தில 156. ஓடின நாள் 8வது நிமிசத்தில 169. அந்த நேரம் வெயில் இன்னும் மதிலுக்கு மேல வரவே இல்ல, ரெண்டு நாளுக்கும் இடையில சூட்டு வித்தியாசம் 2 பாகை. 13 துடிப்பை 2 பாகை கூட்டாது. வேகம் தான் கூட்டினது.

வேகத்துக்கும் வலுவுக்கும் உள்ள கணக்கு கொடூரமானது. 35.3இல ஓடுறதுக்குப் பதிலா 37.7இல ஓடினா வேகம் 7 வீதம் தான் கூட, ஆனா காத்தைத் தள்ளிற வலு வேகத்திட மும்மடிப் பெருக்கமாப் போறபடியா 22 வீதம் கூடும். அண்ணன் அந்த முதல் ஒன்பது நிமிசம் தன்ர ஒரு மணித்தியால வலுவில ஓடேல்ல, இருபது நிமிசப் போட்டிக்கு ஓடுற வலுவில ஓடியிருக்கிறார். தசையில சேந்த களைப்பு, உடம்பில ஏறின சூடு, மூச்சு, ஒண்டும் அதுக்குப் பிறகு இறங்கேல்ல, ஏனெண்டா 96இல ஓடிக்கொண்டே ஆற ஏலாது. முதல் 6 சுத்தில சேத்து வைச்சது 30 செக்கன். 17வது சுத்தில இருந்து திருப்பிக் குடுத்தது 120 செக்கனுக்கு மேல. மேர்க்ஸும் 1972ல வேகமாத் தொடங்கினவர், போற வழியில 10 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர் சாதனையையும் உடைச்சிட்டுத் தான் போனவர், ஆனா அவருக்கே பிற்பாதி பெரிய வேதனை, அதுக்குப் பிறகு ஒருக்காலும் அவர் அத திரும்ப முயற்சிக்கேல்ல.

இப்ப அண்ணன் சொல்ற காரணத்துக்கு வருவம். கேட் பிந்தித் திறந்தது. ஒரு வகையில அவர் சொல்றது சரி, எல்லாம் அங்க தான் தொடங்குது. ஆனா பிந்தினதால வந்த சூடு அவரை மெதுவாக்கினது எண்டு அவர் சொல்றார், பிந்தினதால வந்த பயம் அவரை வேகமாக்கினது எண்டு நான் சொல்றன். வெயில் வரப்போகுது, அதுக்கு முதல் சேத்து வைப்பம் எண்ட யோசனை. காசு சேக்கலாம், நெல்லுச் சேக்கலாம், இந்த ஓட்டத்தில செக்கனைச் சேத்து வைக்க இடமில்ல, அதுக்குக் குடுக்கிற விலை எப்பவும் சேத்ததை விடக் கூட. வெயில் ஏறும் எண்டு நினைச்சா செய்ய வேண்டியது நேர் எதிர், முதல் பத்து நிமிசம் 98, 99இல போயிருக்கோணும், இலக்கையும் 34.8 அளவில வைச்சிருக்கோணும். அப்பிடி ஓடியிருந்தா 34.8 வந்திருக்கும் எண்டு தான் ஒத்திகைக் கணக்கு எனக்குச் சொல்லுது. 35.325 அண்டைக்கு அந்த நேரத்தில வந்திராது, அதையும் சொல்லத் தான் வேணும், ஒத்திகையில 97 ஓடினது அரை மணித்தியாலம், இன்னும் குளிரான நேரத்தில.

ஓடுறவரிட உணர்வை முதல் பத்து நிமிசத்தில நம்ப ஏலாது எண்டது இதில இருந்து வாற அடுத்த விசயம். தொடங்கேக்க உடம்பு புதுசு, வாரக்கணக்கா ஆறின கால், சனம் கத்துது, 37.7 அவருக்கு 34 மாதிரித் தான் தெரிஞ்சிருக்கும். "எனக்கு அப்ப லேசா இருந்ததுடா" எண்டு அண்ணனே சொன்னவர். அதால வெளியில இருந்து ஒரு கண் வேணும், அந்தக் கண் சொல்றது அவருக்குப் போய்ச் சேரவும் வேணும். வெலோட்ரோமில பயிற்சியாளர் பாதை ஓரத்தில கோட்டுக்கு முன்னுக்கோ பின்னுக்கோ நடந்து போய் நிப்பார், எவ்வளவு தள்ளி நிக்கிறார் எண்டதை வைச்சே தான் அட்டவணைக்கு முன்னுக்கா பின்னுக்கா எண்டு ஓடுறவருக்கு விளங்கிடும், தலையைத் தூக்கத் தேவையில்ல, வாசிக்கத் தேவையில்ல, சத்தமும் கேக்கத் தேவையில்ல. தரையைப் பாத்துக்கொண்டு ஓடுறவருக்கு ஒரு சோடிக் கால் தெரியும், அது காணும்.

அடுத்த முறைக்கு இத முழுசா மாத்தியிருக்கிறம். கோட்டுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் அஞ்சஞ்சு மீட்டருக்கு வெள்ளைப் பெயின்ற் அடையாளம், ஒரு மீட்டர் ஒரு செக்கன். மகன் அந்த அடையாளத்தில நடந்து நிப்பான். கத்துறதுக்கு ஆக்களைக் கடைசி 15 நிமிசத்துக்கு மட்டும் விடுறது. கியரில முதல் அஞ்சு சுத்துக்கு 17 பல்லு, பிறகு 16. ஒரே கியர் எண்ட கொள்கையை அண்ணன் இதுக்காக விட்டுக் குடுத்தவர், 17இல 37 வேகம் போகோணுமெண்டா நிமிசத்துக்கு நூறு மிதிக்கோணும், அப்ப கால் தானாவே தடுக்கும். கேட் திறப்பு மாதிரி வெட்டின மறுதிறப்பு ஒண்டு முதல் நாள் பின்னேரமே எங்கட கையில இருக்கும், வளவு ஆக்கள் சம்மதிச்சிட்டாங்கள்.

இன்னொண்டு, பிந்தினா ஓடுறேல்ல. 6 மணி தாண்டிட்டா அண்டைக்கு விட்டிட்டு அடுத்த ஞாயிறு வாறது. இந்த ஒரு விசயத்தில மட்டும் அண்ணன் இன்னும் சம்மதிக்கேல்ல, வந்த ஆக்களைத் திருப்பி அனுப்ப ஏலாது எண்டு நிக்கிறார், நான் விடப்போறதில்ல.

அடுத்த ஓட்டம் மாரி முடிஞ்சதும் மாசியில. அதுவரைக்கும் கிழமைக்கு ஒருக்கா விடிய அதே சுத்தில 40 நிமிசம், 98 செக்கனில தொடங்கி 96இல முடிக்கிற பழக்கம். இப்ப ரெண்டு பொடியள் அவரோட சேந்து வந்து பழகிறாங்கள், ஒருத்தன் பாடசாலைப் பொடியன், அவன் லுமாலாவில தான் வாறான், 40 நிமிசம் நிப்பாட்டாம ஓடுறான்.